பெயரில்லாத பெட்டி

நடுவர் அந்தச் சிறிய பெட்டியைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதைத் தயாரித்தது யார்?" என்றார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் உதவி ஆய்வாளரைப் பார்த்தார். உதவி ஆய்வாளர் கோப்பைப் பார்த்தார். பெட்டியில் ஒரு மாம்பழப் படமும், ஆங்கிலத்தில் ஒரு பெயரும், 5 விழுக்காடு என்ற எண்ணும், சீனாவில் தயாரானது என்ற வரியும் இருந்தன. அசல் சரக்குதானா என்று வாங்குபவர் சோதித்துக்கொள்ளச் சுரண்டும் வெள்ளிப் பட்டை ஒன்றுகூட இருந்தது. தயாரித்தவர் பெயரோ, இறக்குமதி செய்தவர் முகவரியோ, விலையோ எங்கும் இல்லை. "பத்து ரூபாய் முறுக்குப் பாக்கெட்டில் இதைவிட விவரம் இருக்குமே" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். விசாரணை தொடர்ந்தது. குற்றச்சாட்டை மெய்ப்பிக்க அந்தக் கேள்விக்கு விடை தேவைப்படவில்லை.

2022 நவம்பரில் பதிவான வழக்கு அது. சென்னை பாரிமுனைப் பக்கம் செல்போன் உதிரிப் பொருள் விற்கும் ஒரு கடையில், சார்ஜர் அட்டைகளுக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து 64 மின்னணு சிகரெட்டுகளைப் போலீசார் எடுத்தார்கள். கடையில் இருந்தவன் பரமக்குடிப் பக்கத்துப் பையன். வயது 22, மாதச் சம்பளம் பதினான்காயிரம், இரவில் படுப்பது கடையின் பரணில். முதலாளி அப்போது கடையில் இல்லை. தகவல் போன பிறகும் வரவில்லை. கடைச் சாவி பையனின் இடுப்பில் தொங்கியதால் மகஜரில் அதையும் எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு வரிதான் பிற்பாடு வழக்கின் அச்சாணி ஆனது.

மின்னணு சிகரெட்டைத் தடை செய்யும் அவசரச் சட்டம் 2019 செப்டம்பர் 18 அன்று வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் என்று தொழிற்சாலை வாசல் முதல் கடைப் பலகை வரை ஒவ்வொரு படியையும் பெயர் சொல்லித் தடுக்கிறது அதன் நான்காம் பிரிவு. மீறினால் முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடிப்பவர்களின் வசதிக்கு அது பட்டியலிடவில்லை என்று படித்தாலே தெரியும். சரக்கு எத்தனை கைகள் மாறி வருகிறது என்பதை அறிந்தவர் எழுதிய சட்டம் அது. ஐந்தாம் பிரிவு இன்னும் கூர்மையானது. ஓர் இடத்தின் உரிமையாளரோ, அதில் குடியிருப்பவரோ, அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரோ, தெரிந்தே அங்கே இருப்பு வைக்க விடக்கூடாது என்கிறது. கடை வாடகை யார் பெயரில், மின் இணைப்பு யார் பெயரில் என்று கேட்டுப்போனால் அந்தப் பிரிவு முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கும். "கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, சாவி வைத்திருந்த பையனையே அதிலும் சேர்த்து இரண்டு பிரிவுகளையும் அவன் தலையில் போட்டார்கள்.

இரவில் ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறவன்தான் கடையைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவன் என்றால், இந்த ஊரில் காவலாளிகள் எல்லோரும் வங்கி அதிபர்கள்தாம். பையனின் வக்கீலாக இதை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டுமென்று எழுதி வைத்திருந்தேன். சொல்லும் வாய்ப்பு வரவில்லை.

தடை செய்த பொருள் பிடிபட்ட எந்த வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் முதலில் தேடுவது ஆய்வக அறிக்கையை. கஞ்சா வழக்கில் அது இல்லையென்றால் வழக்கே இல்லை. இந்தக் கோப்பிலும் ஆய்வக அறிக்கை இல்லை என்று கண்டதும் எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு சட்டத்தின் விளக்கப் பிரிவைத் திரும்பப் படித்தேன். ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுப்பதற்கான புகைமம் உண்டாக்கும் மின்னணுச் சாதனம் எதுவாயினும் மின்னணு சிகரெட்தான், நிகோடின் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இப்படி எழுதியதற்கு நல்ல காரணம் உண்டு. "எங்கள் திரவத்தில் நிகோடின் இல்லை" என்று ஆளாளுக்குத் தப்பிக்கும் வழியை அது அடைக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று பார்க்கும் கடமையிலிருந்தும் அது எல்லோரையும் விடுவித்துவிட்டது. திரவத்தைப் பரிசோதிக்கக் காவல்துறைக்கு அவசியமில்லை. பரிசோதிக்கும்படி கேட்க எனக்கும் லாபமில்லை. சாதனம் வேலை செய்கிறதா என்றுகூட நிரூபிக்கவில்லை என்ற சின்ன வாதம் மட்டும் என் கையில் மிஞ்சியது.

அந்த வாதத்தை ஒரு வாய்தாவில் லேசாகத் தொட்டுவிட்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ஒருவர் என்னை நிறுத்தினார். பதினோராம் வகுப்பு படிக்கும் தன் மகனின் புத்தகப் பையில் இப்படி ஒரு சாதனத்தைக் கண்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவர் அவர். எதிர்த்தரப்பு வக்கீல் என்ற கோபம் அவர் முகத்தில் இல்லை. "சார், நீங்க உள்ள சொன்னதக் கேட்டுட்டு இருந்தேன். அப்ப அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாருமே பாக்கலையா? என் பையன் மூணு மாசம் இழுத்திருக்கான் சார்" என்றார். ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்களா என்று அரசு வழக்கறிஞரைக் கேளுங்கள் என்று சொல்லி நகர்ந்தேன். அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைத்தானே சற்று முன் வாதமாக வைத்திருந்தேன்.

சரக்கு கடைக்கு வந்த வழியைப் பையன் எனக்கு விவரமாகவே சொன்னான். முதலாளியின் கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் சுவைகளின் பட்டியல் வரும். அனுப்புகிறவர் பெயர் "டெல்லி அண்ணன்". நேரில் யாரும் பார்த்ததில்லை. பணம் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணுக்குப் போகும். பெட்டி பார்சல் சர்வீசில் "மொபைல் உதிரிப் பொருள்" என்ற பெயரில் வரும். இவன் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வருவான். அந்தக் கையெழுத்தும் கோப்பில் இருந்தது. தொள்ளாயிரத்துக்கு வாங்கி ஆயிரத்தைந்நூறுக்கு விற்பார்கள். "எனக்கு ஒண்ணுக்கு அம்பது ரூவா குடுப்பாரு சார்" என்றபோது அவன் தலை குனிந்திருந்தது. அவன் அப்பாவி என்று நான் இங்கே சொல்ல வரவில்லை.

டெல்லி அண்ணனுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதைச் சுங்க வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு நண்பரிடம் கேட்டேன். உலகில் விற்கும் மின்னணு சிகரெட்டுகளில் பெரும்பகுதி தென்சீனத்தில் ஷென்சென் நகரிலிருந்து, அதிலும் பாவோஆன் என்ற ஒரே வட்டாரத்திலிருந்து புறப்படுகிறது. பெட்டியில் பெயர் போட்டுக்கொள்கிறவர் ஒருவர், செய்து கொடுக்கும் தொழிற்சாலை வேறொருவர். ஒரே கூரையின் கீழ் இன்று ஒரு பெயருக்கும் நாளை இன்னொரு பெயருக்கும் செய்வார்கள். பேட்டரி ஓரிடம், சூடேற்றும் சுருள் ஓரிடம், திரவம் கலப்பது ஓரிடம். ஏற்றுமதி செய்வது பெரும்பாலும் இவர்களில் யாரும் அல்லாத ஒரு வணிகக் கம்பெனி. இன்னொன்றும் சொன்னார். 2022 அக்டோபர் 1 முதல் சீனா தன் நாட்டுக்குள் புகையிலைச் சுவை தவிர மற்றச் சுவைகளை விற்கத் தடை போட்டது. வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. அடுத்த மாதம் எங்கள் நீதிமன்றத்துக்கு வந்த மாம்பழப் பெட்டி, தான் பிறந்த ஊரின் கடையில் சட்டப்படி வைக்க முடியாத பண்டம்.

இந்தியாவுக்குள் அது தன் பெயரில் வர முடியாது என்பதால் வேறு பெயரில் வருகிறது. 2022 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் ஒரு கொள்கலனைத் திறந்தபோது, தரை துடைக்கும் மாப் என்று எழுதியிருந்த சரக்குக்குப் பின்னால் சுமார் 2 லட்சம் மின்னணு சிகரெட்டுகள் இருந்தன. மதிப்பு 48 கோடி ரூபாய் என்றார்கள். கொள்கலன் பிடிபட்டால் கப்பல் ஆவணம் இருக்கும், இறக்குமதியாளரின் குறியீட்டு எண் இருக்கும், முகவர் இருப்பார். நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். அதே சரக்கு துறைமுகத்தைத் தாண்டி ஐம்பதும் நூறுமாகப் பிரிந்துவிட்டால், ஒவ்வொரு கைக்கும் தனக்கு முந்திய கையும் பிந்திய கையும் மட்டுமே தெரியும். எங்கள் வழக்கில் 64. ஏற்கெனவே பல தடவை பிரிந்து வந்த சரக்கு.

அப்படியும் ஒரே ஒரு காகிதத்தில் அந்த நூலின் நுனி இருந்தது. அதை வெளியே தள்ளியவன் நான்.

பிடிபட்ட இரவு பையன் காவல் நிலையத்தில் கொடுத்ததாக ஓர் ஒப்புதல் வாக்குமூலம் கோப்பில் இருந்தது. அதில் முதலாளியின் பெயர், டெல்லி அண்ணனின் மூன்று கைபேசி எண்கள், பார்சல் வந்த தேதிகள் எல்லாம் இருந்தன. உதவி ஆய்வாளர் கூண்டில் ஏறி அதைச் சொல்லத் தொடங்கியதும் எழுந்து ஆட்சேபித்தேன். போலீசாரிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம் சாட்சியச் சட்டத்தின் அடிப்படை. அடித்து வாங்கிய வார்த்தையில் யாரும் சிறைக்குப் போகக்கூடாது என்பதற்காக வந்த விதி அது. அந்த வாக்குமூலத்தால் புதிதாகப் பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் ஏற்கலாம். இங்கே பொருளை எடுத்த பிறகுதான் வாக்குமூலமே எழுதினார்கள். நடுவர் என் ஆட்சேபத்தை ஏற்றார். சரியான உத்தரவு, இன்றைக்கும் அதே ஆட்சேபத்தைத்தான் எழுப்புவேன். இதே பையனைச் சுங்க அதிகாரிகள் பிடித்து, இதே வார்த்தைகளை எழுதி வாங்கியிருந்தால் அது சாட்சியமாக நின்றிருக்கும். சுங்கச் சட்டத்தில் அந்த அதிகாரி போலீஸ் இல்லை. சாட்சியமாகாது என்பதற்காக அந்த எண்களை விசாரிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நிலையத்திலிருந்து சுங்கத்துக்கு ஒரு கடிதம் போதும். போனதாகக் கோப்பில் தடயமில்லை. 64 பொருள், ஒரு குற்றவாளி, ஒரு குற்றப்பத்திரிகை. கணக்கு முடிந்தது.

இதைத் தடையின் குறை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தடை வேண்டுமா வேண்டாமா என்பது நாடாளுமன்றத்தின் வேலை. அனுமதித்த நாடுகளிலும் மறைவான சரக்கு உண்டு. ஆனால் பிரிட்டனில் ஒரு வகையைச் சந்தைக்குக் கொண்டுவர ஆறு மாதம் முன்பே தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ பெயர் கொடுத்து, உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அரசுக்கு எழுதித் தர வேண்டும். நிகோடின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம் மாம்பழப் பெட்டியில் போட்டிருந்த 5 விழுக்காடு என்பது சொன்னபடி இருந்தால் அதைப்போல இரண்டரை மடங்கு. பெயரில்லாத சரக்கு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் 2019இல் நடந்ததைப் பார்க்கலாம். மின்னணு சிகரெட் இழுத்தவர்கள் நுரையீரல் கெட்டு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரி வரை கணக்கில் வந்தவர்கள் 2,807 பேர், இறந்தவர்கள் 68 பேர். கஞ்சாச் சத்து கலந்த திரவத்தில் கெட்டித்தன்மைக்காகச் சேர்த்த வைட்டமின் இ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடிக்கப் பல மாதங்கள் ஆயின. அந்தத் திரவம் பெரும்பாலும் நண்பர் வழியாகவும் தெருவிலும் வாங்கியது என்பதால், நோயாளிகளிடமிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கையாகத் தேடிப்போக வேண்டியிருந்தது. தாழ்வாரத்தில் என்னை நிறுத்திய மனிதர் கேட்டதும் அதே கேள்விதான். அவருக்காகத் தேடிப்போக யாரும் இல்லை.

வழக்கு ஒருபுறம் இருக்க, பையனின் வாழ்க்கை வேறொரு விதியில் மாட்டிக்கொண்டது. ஷார்ஜாவில் அவன் ஊர்க்காரர் ஒருவர் வேலை பார்த்து வைத்திருந்தார். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது வழக்கு நிலுவையில் இருப்பதாக அறிக்கை போயிற்று. நம் கடவுச்சீட்டுச் சட்டத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பது மறுப்பதற்கு ஒரு காரணம். தண்டனை பெற்றவருக்கு மறுப்பதற்கோ, அது ஒழுக்கக்கேடான குற்றமாகவும் இரண்டாண்டுக்குக் குறையாத சிறையாகவும் இருக்க வேண்டும். அதாவது, நான் குற்றம் செய்யவில்லை என்று போராடுகிறவனுக்கு வழி அடைபடும், செய்தேன் என்று சொல்லிச் சிறு அபராதம் கட்டுகிறவனுக்குத் திறந்துகொள்ளும். நிலுவைக் காலத்தில் நீதிமன்ற அனுமதி வாங்கலாம்தான். அந்த மனுவைப் போட்டு, அதற்கு ஆட்சேபணை வந்து, வாய்தாவும் வாங்கி முடிவதற்குள் ஷார்ஜா வேலை வேறொருவனுக்குப் போய்விடும் என்பதை அவன் மாமா என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

"கேஸ ஒத்துக்கிட்டு அபராதத்தக் கட்டிருவோங்கய்யா" என்றார் மாமா. வேண்டாம் என்றேன். மகஜர் சாட்சிகள் இருவரில் ஒருவர் வரவேயில்லை, மற்றவர் கடையையே அடையாளம் காட்டவில்லை. அடுத்த வாய்தாவில் உதவி ஆய்வாளரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது என்ன கேட்கப் போகிறேன் என்று அவரிடம் வரிசையாகச் சொன்னேன். வாடகை ஒப்பந்தம் யாருடையது? கல்லாவில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையில் வாடிக்கையாளர் கட்டிய பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது? அந்த அட்டையை ஏன் கைப்பற்றவில்லை? விசாரணையில் வேறொருவர் குற்றவாளி என்று சாட்சியம் வந்தால் அவரையும் சேர்க்க நடுவருக்கு அதிகாரம் உண்டு என்பதையும் விளக்கினேன். மாமா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார். கூட வந்தவர் வெளி அறையில் உட்கார்ந்திருந்தார். அபராதம் எவ்வளவானாலும் ஏற்பாடு ஆகிவிட்டது, டிக்கெட் செலவும்கூட, பையன் ஒத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டான் என்றார். யார் ஏற்பாடு என்று கேட்டதற்கு, "சொந்தக்காரங்கதான்" என்றார். அவர்கள் போன பிறகு என் குமாஸ்தா உள்ளே வந்து, "சார், வெளிய இருந்தாரே, அவருதான் முதல் தடவையும் உங்க ஃபீஸக் கொண்டாந்து குடுத்தாரு. அந்தக் கடையில கணக்கு எழுதுறவரு" என்றார்.

அந்தப் பணத்தைப் பற்றி எனக்கு முன்பே ஐயம் வந்திருக்க வேண்டும். சுமை தூக்கும் மாமா ஒருவர், பேரம் பேசாமல், ஒரே தவணையில், வங்கிக் கட்டு பிரியாத நோட்டாக வக்கீல் கட்டணம் கொடுத்ததை என் முப்பது ஆண்டுத் தொழிலில் நான் பார்த்ததில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், பையனைக் காப்பாற்ற நான் யாரைக் கூண்டில் ஏற்ற நினைத்தேனோ அவருடைய பணத்தில்தான் இந்த வழக்கை நடத்துகிறேன் என்று அன்றே தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் வக்காலத்தைத் திருப்பித் தரவில்லை. அந்தக் கட்டத்தில் நான் விலகினால் பையனுக்கு இன்னும் இரண்டு மாதம் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட.

பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். முதல் குற்றம், இளவயது என்று சொல்லி எச்சரித்து விடுவிக்கக் கேட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போகும் பொருள் என்று நடுவர் மறுத்து, நீதிமன்றம் கலையும் வரை சிறையும் ஐயாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார். மாலை வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். புகார் கொடுத்தவர் அன்று வரவில்லை. பொருள்களை அழிக்க உத்தரவாயிற்று. "இத எரிச்சா பேட்டரி வெடிக்கும்னு சொல்றாங்களே சார், எப்பிடி அழிக்கிறது?" என்று நீதிமன்றக் காவலர் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஷார்ஜாவிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தான். அங்கே 2019 முதல் இந்த விற்பனை சட்டப்படியானது, நூறு விழுக்காடு கலால் வரி உண்டு. அவன் வேலை பார்க்கும் கடைக்கு எதிரே கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்களாம். "அட்டையில எல்லாம் எழுதியிருக்கு சார். யாரு கொண்டாந்தது, அட்ரஸு, எல்லாம்" என்றான்.

சென்ற மாதம் அலுவலகத்தை இடம் மாற்றியபோது பழைய ரசீதுப் புத்தகங்கள் கைக்கு வந்தன. அந்த வழக்குக்கான அடிக்கட்டையைத் தேடி எடுத்தேன். பணம் பெறப்பட்டது யாரிடமிருந்து என்ற இடத்தில், என் கையெழுத்துக்கு மேலே, மாமாவின் பெயர் இருந்தது.